திங்கள் பத்து மணிக்குள் எழும்ப வேண்டிய கொம்பியூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை அறைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர். நான். என் மனைவி, வாசல் நிலையில் சாய்ந்தபடி. மகள், கதிரையில் வலது காலை நீட்டியபடி. மனைவியின் தம்பி, என் மச்சான், கையில் ஸ்குரூ டிரைவரோடு. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர், போனுக்குள்.

மேசையில் கொம்பியூட்டர், திரையும் நிமிர்ந்த பெட்டியுமாக. புதியது. வெள்ளிக்கிழமைதான் குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் நெடுந்தீவுக்கு வந்தது. சனிக்கிழமை முழுக்க அது எழும்புவதும் விழுவதுமாக இருந்தது.

சுவிச்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும். திரையில் கம்பனிப் படம் வரும். அதன் கீழே சின்னப் புள்ளிகள் வட்டமாக ஓடும். பிறகு திரை கறுத்துவிடும். கொஞ்சத்தில் திரும்பவும் கம்பனிப் படம், திரும்பவும் புள்ளிகள், திரும்பவும் கறுப்பு. யாரும் தொட வேண்டியதில்லை. தன்பாட்டில் அதையே செய்துகொண்டிருந்தது.

நான் கடல் தொழில் செய்கிறவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. கொம்பியூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது எழும்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும். திங்கள் காலை பத்து மணிக்குள்.

மகள் முன்பு யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை செய்தாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவாள். நாலு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை விடிய, வள்ளத்தில் ஏறும்போது இறங்குதுறைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் விழுந்தாள். கை கொடுத்து ஏற்றியது நான். அலை வள்ளத்தைத் தூக்கியது. கை வழுக்கியது. காலில் கம்பி வைத்தார்கள். இப்போது நடக்கிறாள். வள்ளத்தில் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மட்டும் ஏறுவாள், கண்ணை மூடிக்கொண்டு. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இந்த வேலைக்கு வள்ளம் தேவையில்லை. பழைய காணி உறுதிகளையும் கடதாசிகளையும் தட்டச்சு செய்து கொடுக்க ஓர் இடத்தில் ஆள் தேடினார்கள். அவர்கள் படமாக அனுப்புவார்கள். வீட்டில் இருந்தபடி பார்த்து அடிக்க வேண்டும். வேலை வீட்டில் என்றபடியால் சோதனையும் வீட்டில், சொந்தக் கொம்பியூட்டரில். திங்கட்கிழமை பத்து மணி. பத்து நிமிடம். பிழையில்லாமல் இருநூறு சொல் அடித்தால் வேலை. அந்த நேரத்துக்கு ஆள் வரவில்லை என்றால் வேலை அடுத்த பேருக்குப் போகும்.

கொம்பியூட்டரை வாங்கி வந்தது மச்சான். அவன் அரசாங்கக் கந்தோரில் பியோன். அங்கே கொம்பியூட்டர் வைத்திருக்கிற அறையைக் காலையில் திறந்து பின்னேரம் பூட்டுகிறவன். எங்கள் குடும்பத்தில் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் அவன்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்ததும் மகள் போட்டுப் பார்த்தாள். நன்றாக வேலை செய்தது. சோதனைக்குரியதைப் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து அதில் ஏற்றியும் வைத்தாள். பின்னேரம் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அப்படித்தான். எஞ்சின், சைக்கிள், தையல் மெசின், எல்லாவற்றுக்கும் செய்தோம். தேசிக்காய் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு வைப்பது என் வேலை.

சனிக்கிழமை காலை தொடங்கியது இந்தக் கூத்து.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கண்ணூறு என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கரண்ட் என்றான் மச்சான். எங்கள் கரண்ட் தீவிலேயே எஞ்சின் ஓட்டி எடுக்கிறது, கூடிக் குறையும் என்றான். வள்ளத்தில் உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அது மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

"மடியில வச்சுக் கொண்டந்தனான் அத்தான். என்ர பிள்ளையைக்கூட நான் அப்பிடிக் கொண்டந்ததில்லை."

"உன்ர பிள்ளையை நீ எப்பவடா தூக்கினனீ?" என்றாள் மனைவி. "உன்ர மனுசியெல்லே தூக்கிக்கொண்டு திரிஞ்சவள்."

கடைக்காரருக்குப் போன் எடுத்தோம். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்தார். திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுவரச் சொன்னார், பார்த்துத் தருவதாக. நான் கணக்குப் பார்த்தேன். விடிய வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்துப் போனால், கடை திறந்து அவர் பெட்டியைத் திறப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும். திரும்பி வர மாலையாகும். மகள் விசைப்பலகையை மேசை விளிம்புக்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

"திறப்பம்" என்றேன்.

"திறந்தால் வாரண்டி போயிடும் அத்தான்."

"சோதனை போனாப் பிறகு வாரண்டி என்னத்துக்கு?"

போனில் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பரவாயில்லை, திறவுங்கள், நான் சொல்லுகிறேன் என்றார்.

கடலில் எஞ்சின் நின்றால் அங்கே கடை இல்லை. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால், சரி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த நாள் திரும்பவும் நிற்கும். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அதையே செய்தேன்.

முதலில் கரண்ட். பெட்டியைப் போட்டுவிட்டு நான் திரையைப் பார்க்கவில்லை. கூரையில் தொங்கிய பல்பைப் பார்த்தேன். திரை கறுத்துவிட்டது என்று மகள் சொன்ன நேரம் பல்பு அசையவில்லை. நாலு முறை பார்த்தேன். கரண்டில் பிழையில்லை.

பிறகு வயர்கள். மௌசைக் கழற்றினோம். அப்படியே இருந்தது. திரைக்கு மேல் இருந்த கமெராவைக் கழற்றினோம். அப்படியே.

பிறகு பெட்டியைக் கீழே பாயில் சரித்துப் படுக்க வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே உப்பு இல்லை. ஒரு துளி ஈரம் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் மன்னிப்பு. கடைக்காரர் சொன்னபடி நீளமான பச்சைத் தகடு ஒன்றை இழுத்து எடுத்தோம். ராம் என்பார்களாம். அதன் விளிம்பில் பொன்னிறமாக வரிசைப் பல். அதை அழிறப்பரால் துடைக்கச் சொன்னார். மகள் தன் பழைய பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து அழிறப்பர் எடுத்துத் தந்தாள். துடைத்துத் திரும்ப அழுத்தினோம். டக் என்று இருந்தது.

பாயில் படுத்தபடியே போட்டோம். கம்பனிப் படம் வந்தது. புள்ளிகள் ஓடின. கறுக்கவில்லை. புள்ளிகள் போய், மலையும் வானமுமாக ஒரு படம் வந்தது. மகள் கதிரையில் முன்னுக்கு வந்தாள்.

"நான் அப்பவே சொன்னனான், ராம்தான்" என்றான் மச்சான். அவன் சொன்னதை யாரும் கேட்டிருக்கவில்லை.

நிறுத்தி, தகட்டைப் பூட்டி, மேசையில் நிமிர்த்தி வைத்துப் போட்டோம். புள்ளிகளோடு கறுத்தது.

திரும்பப் பாயில் படுக்க வைத்தேன். படம் கொஞ்சம் கூடுதலான நேரம் நின்றது. பிறகு கறுத்தது. நிமிர்த்தினேன். உடனே கறுத்தது.

"படுத்தால் சுகம். எழும்பினால் ஏலாது" என்றான் மச்சான். "இதுக்கும் உங்கட முதுகு வருத்தம்தான் அத்தான்."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை.

மத்தியானமாகிவிட்டது. சோறு ஆறிக் கிடந்தது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி உள்ளே பழுதாக இருக்கலாம், அதற்குத் தான் அங்கிருந்து ஒன்றும் செய்ய ஏலாது என்று கடைக்காரர் சொன்னார். தனக்கும் கவலை என்றும் சொன்னார். போனை வைத்தோம்.

மகள் எழுந்தாள். குசினிப் பக்கம் போனவள் வாசலில் நின்றாள்.

"விடுங்கோ அப்பா. வேற ஏதும் வரும்தானே."

நாலு வருடமாக வேறு ஒன்றும் வரவில்லை. அவள் போனாள். சீமெந்து நிலத்தில் அந்தக் கால் இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்குமோ தெரியாது.

பெட்டியைத் தன்பாட்டில் ஓட விட்டுவிட்டு அதன் முன்னால் இருந்தேன். சத்தத்தைக் கேட்டேன். எண்ணெய் வராத எஞ்சின் இருமி இருமித்தான் நிற்கும். தண்ணீர் கலந்தால் திக்கும். இது இருமவில்லை, திக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டின மாதிரி நின்றது. எஞ்சின் அப்படி நிற்பது ஒரு காரணத்தால்தான். நிப்பாட்டுகிற சுவிச். அதில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும், நுனியில் கிளிப். கிளிப் அரைகுறையாக மாட்டியிருந்தால் சின்ன அலை அடித்தாலும் எஞ்சின் பட்டென்று நின்றுவிடும். ஒருமுறை அது தெரியாமல் நடுக்கடலில் அரை நாள் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மச்சானிடம் போனை வாங்கிக் கடைக்காரருக்குத் திரும்ப எடுத்தேன்.

"தம்பி, இதை நிப்பாட்டுற சுவிச் எது?"

"அப்பிடி ஒண்டு இல்லை அண்ணை. முன்னுக்குப் பெரிய பட்டன் இருக்கெல்லே, அது போடுறதுக்கு. அதுக்குக் கீழ சின்னன் ஒண்டு இருக்கும். அதை அமத்தினால் நிண்டு திரும்பத் தொடங்கும். அதைத் தொடாதேங்கோ."

பார்த்தேன். பெரிய பட்டனில் பெரிய பொட்டு, விரல் பட்டுப் பட்டு அரைவாசி அழிந்தபடி. அதன் கீழே சின்னப் பொட்டு.

எஞ்சினுக்கு நான் எப்போதும் இரண்டு வைப்பேன். மேலே பெரிது, கீழே சின்னது. கடல் தண்ணீர் பட்டுக் கரையாமல் இருக்க நல்ல தடிப்பாக அரைத்து, அழுத்தி வைப்பேன். இதற்கும் அப்படியே வைத்தேன். பட்டன் என்று நினைக்கவில்லை. பொட்டு வைக்கத் தோதான வட்டம் என்று நினைத்தேன். சந்தனம் சின்னப் பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது. பட்டன் உள்ளே போய் அரைவாசியில் இறுகி நின்றது. காற்றாடி சுற்றி பெட்டி அதிர அதிர அது தானாகவே அமுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. படுக்க வைத்தபோது கொஞ்சம் விலகி நின்றிருக்கும்.

"நான்தான்" என்றேன்.

மச்சான் குனிந்து பார்த்தான். போனில் கடைக்காரர் என்ன என்ன என்று கேட்டார். மச்சான்தான் சொன்னான்.

"அத்தான் பொட்டு வச்சவர், அண்ணை."

"எத்தினை?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டு."

அவர் சிரித்த சிரிப்பு குசினி வரைக்கும் கேட்டது. மகள் வந்துவிட்டாள்.

மச்சான் ஸ்குரூ டிரைவரை நீட்டினான். மனைவி விடவில்லை. சந்தனத்தை இரும்பால் சுரண்டக்கூடாது என்றாள். விளக்குமாற்றிலிருந்து எடுக்காமல், ஓலையில் புதிதாக ஓர் ஈர்க்கு உருவி, கழுவிக் கொண்டு வந்தாள். ஈரத்துணியும் தந்தாள். முதலில் தான் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைச் செய்யச் சொன்னாள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தேன். ஈரத்துணியின் நுனியை வைத்து ஊற விட்டேன். ஈர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். சேறு மாதிரி வந்தது. அவசரப்பட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். வலைக் கண்ணில் இறுகிய சிக்கெடுக்கிற மாதிரி எடுத்தேன். மகள் போனில் வெளிச்சம் பிடித்தாள். அரை மணித்தியாலம் இருக்கும். பட்டன் டிக் என்று வெளியே வந்தது. பெரியதையும் துடைத்தேன்.

காயட்டும் என்று சாப்பிட்டோம். பிறகு மகள்தான் போட்டாள். கம்பனிப் படம். புள்ளிகள். மலையும் வானமும். படம் அப்படியே நின்றது. கறுக்கவில்லை. மேசையில் நிமிர்த்தி வைத்தோம். கறுக்கவில்லை. மச்சான் மேசையை ஆட்டிப் பார்த்தான். கையை எடு என்றேன். பொழுது படும்வரை அது ஓடியது. மகள் அடித்துப் பழகினாள்.

மனைவிக்கு மனம் கேட்கவில்லை. புதுச் சாமான் பொட்டில்லாமல் மொட்டையாக இருக்கிறது என்றாள்.

"மேல வையுங்கோ அம்மா" என்றாள் மகள். "பட்டனில்லாத இடமாப் பாத்து."

மனைவிதான் வைத்தாள், பெட்டியின் உச்சியில், மெல்லிசாக. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் போகவில்லை.

திங்கட்கிழமை நான் கடலுக்குப் போகவில்லை. காற்று என்று சொன்னேன். காற்றும் கொஞ்சம் இருந்தது. பத்து மணிக்கு மகள் அறைக் கதவைச் சாத்தினாள். மனைவி சாமிப் படத்தடியில். மச்சான் கந்தோருக்குப் போய்விட்டான். நான் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன்.

தட்டுகிற சத்தம் தொடங்கியது. சீராக இருந்தது. தகரத்தில் மழை தூறுகிற மாதிரி. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

நடுவில் ஒருமுறை நின்றது.

எழும்பினேன். கதவில் கை வைத்தேன், தள்ளவில்லை. உள்ளே கதிரை நகர்ந்தது. திரும்பத் தட்டத் தொடங்கினாள். கால் மரத்துவிட்டது, மாற்றி வைத்தேன் என்று பிறகு சொன்னாள்.

சத்தம் முடிந்தது. பிறகு அப்பா என்று கூப்பிட்டாள். போனேன். திரையில் நிறைய எழுத்து இருந்தது. அவள் விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். பிழையில்லாத சொற்கள் என்று அதன் மேலே எழுதியிருந்தது. கீழே இலக்கம்.

இருநூற்றுப் பதினேழு.