முனியம்மா தோட்டத்து மண்

எங்கள் பல்கலைக்கழகமும் ஜெர்மனியில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து தக்காளி வாடல் நோயை ஆராய்ந்து வந்தன. மாரண்டஹள்ளிப் பக்கம் இருபது தோட்டங்களில் மண் எடுத்து அனுப்புவது என் வேலை. பதினான்கு முடித்ததும் வெயிலில் அலுத்துவிட்டது. மீதி ஆறு பைகளையும் ரோட்டோரத் தோட்டம் ஒன்றிலேயே நிரப்பினேன். டீக்கடையில் உட்கார்ந்து, பட்டியலில் மீதியிருந்த, நான் பார்த்தேயிராத ஆறு பேரின் பெயர்களை அவற்றின்மேல் எழுதினேன்.

சில மாதம் கழித்து ஜெர்மன் பேராசிரியை நேரில் வந்தார். ஆறு தோட்டத்து மண்ணில் நோய்க்கிருமியே இல்லை, முதலில் முனியம்மா தோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். நான் டீக்கடையில் பெயர் எழுதிய அதே ஆறு.

போனால், பாதிச் செடிகள் வாடித் தொங்கின. குழம்பிப்போன பேராசிரியை, "இவர் எங்கே மண் எடுத்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதைத் தமிழில் நானே முனியம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அதோ, அந்த வரப்போரமா எடுத்தாருங்க."

பேராசிரியை அங்கே நடந்து போனதும் முனியம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் சொன்னேங்க. மூணு வருசமா செடி இப்படித்தான் சாவுது. இப்பவாச்சும் எங்க மண்ண எடுத்துட்டுப் போங்க சார்."

மண்வெட்டியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

பேராசிரியையிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு மண்ணை வெட்டி, புதுப் பையில் போட்டு, முனியம்மா என்று எழுதினேன். பெயர் சரியா என்று அவரிடமே கேட்டேன். அதே பெயரை டீக்கடையில் எழுதியபோது யாரிடமும் கேட்கவில்லை.