அண்ணன் வீட்டுக்கு ஒரு கேபிள்

என் வேலை அறையிலிருந்து அண்ணன் வீட்டு முன்னறைக்குப் பதினெட்டு மீட்டர். நடந்தால் முப்பது தப்படிகூட இருக்காது. அந்த முப்பது தப்படியை நடக்க மனமில்லாமல்தான் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குக் கேபிள் வாங்கப் போனேன்.

கடை கீழவாசலில் இருந்தது. கடைக்காரர் முதல் கேள்வியிலேயே என்னைக் கவிழ்த்துவிட்டார்.

“மோனோவா, ஸ்டீரியோவா?”

“கீபோர்டுக்குங்க.”

“கீபோர்டுக்குத்தாங்க நானும் கேக்குறேன். மோனோவா ஸ்டீரியோவா? பேலன்ஸ்டா அன்பேலன்ஸ்டா? அந்தப் பக்கம் என்ன ஜாக்கு, இந்தப் பக்கம் என்ன ஜாக்கு?”

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒரு மாதமாக இணையத்தில் படித்ததையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன். மோனோ ஜாக்கின் நுனியில் ஒரு கறுப்பு வளையம், ஸ்டீரியோ ஜாக்கில் இரண்டு என்று படம்கூடப் போட்டிருந்தேன். எழுதும்போது எல்லாம் விளங்கியது மாதிரி இருந்தது. கடையில் நின்றதும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பக்கத்தில் “நீள கேபிளுக்கு பேலன்ஸ்டுதான் சரி” என்று எழுதியிருந்தேன். அடுத்த பக்கத்தில் “கீபோர்டுக்கு பேலன்ஸ்டு தேவையே இல்லை” என்று எழுதியிருந்தேன். இரண்டையும் நானே அடிக்கோடிட்டிருந்தேன்.

எங்கள் ஊர் மைக்செட்காரரைக் கேட்டிருந்தேன். “வயர்ல என்னங்க இருக்கு, உள்ள செம்பு ஓடுனா சத்தம் வரும்” என்றார். அவர் சொன்னதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. அவ்வளவு எளிதாக ஒரு விஷயம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கீபோர்டு எனக்குப் புதிதில்லை. நானும் அண்ணனும் ஒரே மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷம் வாசித்தவர்கள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா என்று டெல்டா முழுக்கச் சுற்றியிருக்கிறோம். மேடையில் வயர் மாட்டுவது என் வேலை. மைக்செட்காரர் நீட்டுகிற வயரை வாங்கி அவர் காட்டுகிற ஓட்டையில் மாட்டுவேன், அவ்வளவுதான் என் ஞானம். அண்ணன் அதுகூடச் செய்ய மாட்டார். வருவார், உட்காருவார், வாசிப்பார், எழுந்து போய்விடுவார். ஆனால் அந்த இடது கை! நான் பத்து விரலில் செய்வதை அவர் இடது கையில் செய்துவிட்டு, வலது கையால் மூக்கைச் சொறிவார். பொறாமையாகத்தான் இருக்கும்.

குழு கலைந்த பிறகு, நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்தேன். அம்மன் பாட்டு எடுப்பேன். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் வருவார்கள். ஒருவருக்குப் போட்ட மெட்டையே கொஞ்சம் வேகம் கூட்டி அடுத்தவருக்கும் கொடுத்திருக்கிறேன். “நம்ம பாட்டு மாதிரி அவனுங்களுக்கு வராது” என்று இரண்டு பேருமே பாராட்டினார்கள்.

எனக்கும் அண்ணனுக்கும் முறிந்தது பாட்டினால் இல்லை, வயலால். அப்பா கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்த வயல் அது. அவர் காலத்திலேயே குத்தகைக்கு வந்து, பிறகு பட்டாவும் ஆனது. ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், எங்கள் பங்கு. அந்தப் பக்கமாக எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறோம் என்று வந்தார்கள். நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அடியில் குழாய் மட்டும் போகும் என்றார்கள். ஆட்சியில் இருப்பவர்கள் குழாய் வரட்டும் என்றார்கள், இல்லாதவர்கள் வரவே கூடாது என்றார்கள். ஆட்சி மாறியதும் இரண்டு பேரும் வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். யார் பேச்சை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. ஊர் ஊராகப் போய், யாரும் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்து ஊரில் சொல்லிக்கொண்டிருந்த அன்றைக்கு நான் எங்கள் வயல் வரப்பில் கையெழுத்துப் போட்டேன்.

மன்னார்குடியில் வேறொரு குழுவோடு ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நாலு பக்கத் தாள். பொடிப் பொடியாக எழுத்து, பாதி இங்கிலீஷ். காட்டிய இடத்தில் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் டீக்கடையில் ஊரே இருக்கும்போது அண்ணன் கேட்டார், “படிச்சுப் பாத்தியாடா?” அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல ரோஷம் விடவில்லை. “படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். என் நிலம், என் இஷ்டம்” என்றேன். அது பச்சைப் பொய். அண்ணன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். இனி அவன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன், கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சும்மா இருந்தேனா? உங்க வீட்டுப் படியை நானும் மிதிக்க மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன். பதினாலு மாதம் அப்படியே போனது. அவர் வாசலில் நின்றால் நான் உள்ளே போய்விடுவேன். நான் நின்றால் அவர் போய்விடுவார்.

ஒருநாள் அண்ணி வந்தார். கலெக்டர் ஆபீஸ் முன்னால் போராட்டம் வைத்திருக்கிறார்களாம். அதற்கு அண்ணன் ஒரு பாட்டு கட்டியிருக்கிறாராம். ஆட்டோவில் வைத்துப் போட ரெக்கார்டு பண்ண வேண்டுமாம்.

“உங்க அண்ணன் கேக்கச் சொல்லல தம்பி. நானாத்தான் கேக்குறேன்” என்றார்.

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

“அண்ணன் இங்க வந்து வாசிப்பாங்களா?”

“அது எப்படித் தம்பி வருவாங்க?”

குழாய்க்குக் கையெழுத்துப் போட்டவனே குழாய்க்கு எதிரான பாட்டை எடுத்துக் கொடுப்பதா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். குழாய் நல்லதா கெட்டதா என்று அப்போதும் எனக்குத் தெளிவில்லை. எனக்கு அண்ணன் திரும்ப வேண்டும், அதில் மட்டும் தெளிவு இருந்தது. வாசிக்கும்போதாவது அவர் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்தேன். அவர் வரமாட்டார் என்றால் வயராவது போகட்டும்.

கடைசியில் கடைக்காரர் என் நோட்டை மூடிவைத்துவிட்டு, “பதினெட்டு மீட்டர்னா பேலன்ஸ்டு வாங்கிக்கங்க. இதுல ரெண்டு கம்பி சத்தத்தைக் கொண்டுபோகும், ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. வழியில ஏறுற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணாத்தான் ஏறும். இந்தப் பக்கம் மெஷின் ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சிரும். இரைச்சல் போயிரும், பாட்டு நிக்கும்” என்றார். இவ்வளவு நியாயமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு முனையிலும் இரட்டை வளைய ஜாக் வைத்து வாங்கி வந்தேன்.

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகிற தெரு. அதனால் கேபிளை முருங்கை மரத்துக் கிளை வழியாக உயரத்தில் கொண்டுபோய் அண்ணன் வீட்டு ஜன்னலுக்குள் விட்டேன். அண்ணி உள்ளேயிருந்து இழுத்தார்.

“தம்பி, இதை எதுல சொருகுறது?”

உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது. அவரே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குச் சுருக்கென்றது. “பெரிய ஓட்டையா பாத்துச் சொருகச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவி ஒரு போனில், அண்ணி ஒரு போனில். “ஆரம்பிக்கலாமாம்.” “ஆரம்பிக்கிறாங்களாம்.” ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது சத்தமே இல்லை. கிணற்றுக்குள் யாரோ வாசிப்பது போல, அடித்த சுரம் கேட்காமல் அதன் வால் மட்டும் கேட்டது.

கேபிள் சரியில்லை என்று நினைத்தேன். ஜாக்கைக் கழற்றிப் பார்த்தேன், சால்டரிங் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் திரும்பவும் தஞ்சாவூர் போய் அதே வகையில் இன்னும் தடிமனான கேபிள் வாங்கி வந்தேன். அதே கிணறு. எர்த் சரியில்லையோ என்று கொல்லையில் எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் ஒன்றும் மாறவில்லை. இணையத்தில் கேட்டால், யாரோ ஒருவர் பத்தே நிமிஷத்தில் பத்துக் காரணம் எழுதினார். ஒவ்வொன்றும் முந்தையதற்கு நேர்மாறாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் கேபிள் கோணல் என்று சொல்லிக்கொண்டே மூன்று நாள் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அந்தச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாரோ? ஊருக்காகச் சம்மதித்துவிட்டு, எனக்குக் கேட்கக்கூடாது என்று பூப்போலத் தொட்டுக்கொண்டிருக்கிறாரோ?

“கொஞ்சம் அழுத்தி வாசிக்கச் சொல்லு” என்றேன் மனைவியிடம்.

“அழுத்தித்தான் வாசிக்கிறாங்களாம்” என்றாள்.

வந்தது பாருங்கள் கோபம். பதினாலு மாதக் கோபம். வாசிக்க இஷ்டமில்லை என்றால் நேரே சொல்லட்டும் என்று எழுந்தேன். நோட்டு கையிலேயே இருந்தது. தெருவைத் தாண்டியது நினைவில்லை. செருப்பை விட்டது நினைவில்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் நிற்கும்போதுதான் படியை மிதித்துவிட்டேன் என்பதே உறைத்தது.

அண்ணன் எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தோளை ஆட்டி, முழு பலத்தோடு. அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிளாஸ்டிக் கட்டைகள் தட்டுகிற டக் டக் மட்டும் கேட்டது.

எனக்குத் திக்கென்றது. கீபோர்டின் பின்னால் எட்டிப் பார்த்தேன். கேபிள் ஹெட்போன் ஓட்டையில் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே சத்தம் வெளியே அனுப்புகிற ஓட்டை காலியாக இருந்தது. இரண்டும் ஒரே அளவு. பெரிய ஓட்டை என்று நான் சொன்ன லட்சணம் அது.

ஹெட்போன் ஓட்டையில் எதை மாட்டினாலும் கீபோர்டின் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இடது காதுக்கு ஒரு கம்பியிலும் வலது காதுக்கு ஒரு கம்பியிலும் ஒரே சத்தம் போகும். இரண்டிலும் ஒன்றாக வருவது இரைச்சல் என்றல்லவா என் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறது? அது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டது, இரண்டு காதுக்கும் வேறுபட்ட எதிரொலி மட்டும்தான் மிஞ்சியது. இரைச்சலைக் கழிக்க வாங்கிய கேபிளை வைத்து மூன்று நாளாக அண்ணனைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

“சத்தமே வரலையேன்னு நான் கேட்டேன் தம்பி” என்றார் அண்ணி மெதுவாக, சமையலறை வாசலில் நின்று. “ரெக்கார்டிங்னா அப்படித்தான் இருக்கும், அவன்கிட்டப் போயிக் கேக்காதன்னுட்டாங்க.”

மூன்று நாள், ஒரு சுரம்கூடக் கேட்காமல், விரல் நினைவில் முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பதற்காக. வீம்பு பிடித்த குடும்பம் நாங்கள். கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது. கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் மாட்டினேன். அண்ணன் கை இன்னும் கட்டையில்தான் இருந்தது. சத்தம் குபீரென்று அறையை நிறைத்தது. அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

பதினாலு மாதம் கழித்து நேருக்கு நேர். காதோரம் நரை கூடியிருந்தது.

“ஓட்டை மாறிப்போச்சுண்ணே” என்றேன்.

அவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். புரட்டினார். ஜாக் படங்கள், அடிக்கோடுகள், அம்புக்குறிகள். பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“இந்த வயருக்கு எத்தனை நாள் படிச்ச?”

“ஒரு மாசம்ண்ணே.”

நோட்டை மூடினார்.

“அந்தத் தாளை?”

அண்ணி அசையவில்லை.

“படிக்கலண்ணே.”

“படிச்சுட்டுத்தான் போட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னியே.”

“பொய் சொன்னேன். நீங்க எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. வெக்கமா இருந்துச்சு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை. அண்ணன் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார்.

“தெரிஞ்சே செஞ்சுட்டியேன்னுதான்டா எனக்கு ஆறல” என்றார். “நகல் குடுத்தானுங்களா?”

“குடுத்தாங்க. பீரோவுல கெடக்கு.”

“இன்னுமா படிக்கல?”

இல்லையென்று தலையை ஆட்டினேன். வாங்கின நாளிலிருந்து மடிப்புக்கூடக் கலையாமல்தான் கிடந்தது. எடுத்துப் பார்க்கப் பயம்.

“எடுத்துக்கிட்டு வா. பாட்டு கெடக்கட்டும். மொதல்ல அதைப் படிப்போம்.”

அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தார். நின்றபடியே குடித்தேன். தெருவைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். என் மனைவி இன்னும் போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

“என்னங்க, சத்தம் வந்துச்சா?”

“வந்துருச்சு” என்றேன். “பீரோ சாவி எங்க?”