மதினி ஒட்டிய திருத்தங்கள்

மதினியின் சட்டப் புத்தகங்கள் எல்லாமே வயிறு வீங்கியவை. வாங்கும்போது ஒல்லியாக இருக்கும். சில வருடங்களில் மூட முடியாதபடி தடித்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் அவர் சேர்த்த தாள்கள்தான் காரணம். அவர் என் அண்ணனின் மனைவி, உத்தமபாளையம் நீதிமன்றத்தில் வக்கீல். வீடு காமயகவுண்டன்பட்டியில், அண்ணனின் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி. சட்டசபை கூடிவிட்டால், அங்கே வைக்கப்படும் மசோதாக்களை இணையத்தில் தேடி எடுத்து, கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுக்கொண்டு வருவார். எல்லாவற்றையும் எடுக்க மாட்டார். ஆளைப் பிடிப்பது, அடைப்பது, கூட்டம் போடவிடாமல் தடுப்பது, நிலத்தை எடுப்பது என்று மனிதர் மேல் கை வைக்கிற மசோதா எதுவோ, அது மட்டும் வீட்டுக்கு வரும்.

அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மசோதா என்றால், எந்தப் பிரிவை மாற்றப் போகிறதோ அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைப்பார். சபையில் நிறைவேறினாலும் குண்டூசிதான். ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வெளியான பிறகே ஊசியை உருவிவிட்டுப் பசை தடவி ஒட்டுவார். செய்தித்தாளைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்களிடம் புத்தகத்தைத் திறந்து ஊசியைக் காட்டுவார். "இது ஊசியில நிக்கிற வரைக்கும் இதை வச்சு உங்கள யாரும் மிரட்ட முடியாது" என்பார். அதிலேயே பாதிப் பேர் தெளிந்துபோவார்கள். மைதாவில் பசை கிண்டித் தருவது அண்ணனின் வேலை. சட்டசபை கூடினால் இந்த வீட்டில் தோசை கிடையாது, பசைதான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

தடுப்புக் காவல் சட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியாது, குண்டாஸ் என்றால் புரியும். அந்தச் சட்டத்தில் யார் யாரைப் பிடிக்கலாம் என்ற வரம்பை அகலமாக்கிய ஒரு திருத்தத்தை மதினி ஒட்டியபோது நானும் அங்கே இருந்தேன். போடியில் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்ப்பவன் நான். லீவு நாளில் அண்ணன் வீட்டில்தான் கிடப்பேன். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை ஒருவரை உள்ளே வைக்கலாம் என்று மதினி படித்துச் சொன்னார். அண்ணன் பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, அதெல்லாம் ரவுடிப் பயல்களுக்கு, திராட்சைக்காரனை யார் பிடிக்கப் போகிறார்கள் என்றார். நான் சிரித்தேன். மதினி மட்டும் சிரிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவரும் சிரித்தார்.

அடுத்து வந்த ஒரு கோடையில் வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை. கொடிகள் காயத் தொடங்கியதும் தோட்டக்காரர்கள் கம்பம் சாலையில் மறியல் செய்தார்கள். கூட்டத்தில் யாரோ எறிந்த கல்லில் பேருந்தின் கண்ணாடி உடைந்தது. அண்ணன் கல்லைத் தொடவில்லை. ஆனால் முன்னால் நின்று சத்தம் போட்டவர் அவர். செல்போன்களில் எடுத்த வீடியோக்களில் எல்லாம் அவர் முகம்தான். அவரையும் இன்னும் சிலரையும் கைது செய்தார்கள். மதினி உடனே உட்கார்ந்து ஜாமீன் மனு எழுதினார். மறுநாள் கோர்ட் திறந்ததும் முதல் ஆளாகப் போய்த் தாக்கல் செய்தார். மற்றவர்களின் வீட்டார் வக்கீல் பிடிக்க அலைந்துகொண்டிருந்தார்கள். வீட்டிலேயே வக்கீல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் அண்ணன் மேல் குண்டாஸ் ஆணை வந்துவிட்டது. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மேல் அந்த ஆணையைப் போட வேண்டுமானால், அவர் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார் என்று காட்ட வேண்டும். ஜாமீன் மனு போட்டிருக்கிறார், வெளியே வந்தால் மறுபடியும் இதையே செய்வார் என்று ஆணையில் எழுதியிருந்தது. மதினி போட்ட மனுதான் அவர்களுக்குக் காரணமாயிற்று. இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. குண்டாஸ் என்ற பேச்சு அடிபட்டாலே, "கொஞ்சம் பொறுங்க, மனுவைப் போட்டு அவுக கையில காரணத்தைக் குடுத்துராதீக" என்று வழக்கோடு வரும் கட்சிக்காரர்களிடம் அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தாமதமாக மனு போட்ட மற்றவர்கள் மேல் அந்த ஆணை வரவில்லை. ஒவ்வொருவராக ஜாமீனில் வந்துவிட்டார்கள்.

ஆணையின் நகலைப் படித்துவிட்டு மதினி அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போய் நின்றேன். அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார். "கட்சிக்காரன்னா பொறுக்கச் சொல்லிருப்பேன் தம்பி. இது வீட்டுக்காரராச்சே."

இதைத் தவிர அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுவார் என்று நின்றிருந்தேன், அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. இன்றுவரை அது முழுதாகச் சரியாகவில்லை.

ஆணை சரிதானா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் முன்னால் வக்கீல் யாரும் பேச முடியாது, வக்கீல் அல்லாத உறவினர் பேசலாம் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு திருத்தமும் தெரிந்த மதினி சென்னையில் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒன்றும் தெரியாத நான் உள்ளே போய் அவர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆணை அப்படியே நின்றது. மாதங்கள் கழித்து உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆணையை எதிர்த்துச் சிறையிலிருந்து அண்ணன் கொடுத்த மனுவுக்கு அரசு பதில் சொல்லத் தாமதித்தது என்பதுதான் காரணம். அவர் குண்டர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் கொடிகளை வெட்டிவிடும் கவாத்துப் பருவம் போய், பந்தல் காடாகிக் கிடந்தது.

திரும்பி வந்த அண்ணன் சாப்பிடுகிறார், தோட்டத்துக்குப் போகிறார், தூங்குகிறார். சத்தமாகப் பேசுவதில்லை. மதினி இப்போதும் மசோதாக்களை அச்சிட்டுக் கொண்டுவந்து குத்துகிறார், ஒட்டுகிறார். அவர் புத்தகத்தை விரித்ததும் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் தேவலை.

இந்த வருடமும் தண்ணீர் தாமதம். போன ஞாயிறு காலையில் தோட்டக்காரர்கள் சிலர் அண்ணனைக் கூப்பிட வந்தார்கள். அவரோடு கைதானவர்களும் அதில் இருந்தார்கள். குரல் கேட்டதுமே அண்ணன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். மதினி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசலுக்குப் போனார்.

"அவுக வீட்டுல இல்லண்ணே. வெளியூர் போயிருக்காக."

வந்தவர்களில் மூத்தவர் கீழே பார்த்தார். படியோரம் அண்ணனின் செருப்பு கிடந்தது. "சரி தாயி, வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை மதினி வாசலிலேயே நின்றார். பிறகு குனிந்து, அந்தச் செருப்பை எடுத்து வீட்டுக்குள் வைத்தார்.