விளக்கடி நெல்

எங்கள் பாதைக்கு விளக்கு வேண்டும் என்று நச்சரித்தவள் நான்தான். புதுச்சேரியில் துணிக்கடை வேலை முடிந்து, பாகூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏழே முக்கால் ஆகிவிடும். அங்கிருந்து எங்கள் வயலை ஒட்டியே வீடுவரை நடக்க வேண்டும். பாம்புக்கு என்னைத் தெரியும், எனக்குத்தான் பாம்பைத் தெரியாது.

என் வீட்டுக்காரர் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் எங்கள் வயலோரக் கம்பத்தில் வெள்ளை எல்இடி விளக்கு வந்தது. மனிதர் அதற்குக் கற்பூரம் ஏற்றினார். விளக்குக்கே தீபாராதனை காட்டிய பெருமை எங்கள் ஊரைத்தான் சேரும். சுவிட்ச் கம்பத்திலேயே இருந்ததால், சாயங்காலம் போட்டு விடியற்காலை அணைக்கும் பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்தது.

அந்த வருஷம் அவருக்கு மாப்பிள்ளைச் சம்பா என்ற பழைய நெல் ரகத்தின் மேல் பைத்தியம். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கால் காணியில் நட்டிருந்தார். கார்த்திகையில் வயல் முழுக்கக் கதிர் தள்ளியது. விளக்குக்குக் கீழே மட்டும் அரை வட்டமாகப் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு கதிர்கூட இல்லை. பக்கத்து வயல் யூரியா கசிந்துவிட்டது என்றார் முதலில். அப்புறம் ஊர்க்கண் என்று பூசணிக்காய் கட்டினார். கடைசியில்தான் வேளாண்துறையின் உழவர் உதவியகத்து அதிகாரியைக் கூட்டி வந்தார்.

அதிகாரி பயிரைப் பார்த்தார், நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"இந்த நெல்லு ராத்திரி நீளமாவுறத வெச்சுதாங்க பூக்கும். நீங்கதான் அதுக்கு ராத்திரியே வுடலியே!"

உலகம் முழுக்க இப்படித்தான் ராத்திரி வெளுத்துக்கொண்டே வருகிறது, செடிகொடி, பறவை, பூச்சி எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன என்றும் சொன்னார். உலகம் குழம்பியதில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. என் பஸ் வரும் நேரத்துக்கு விளக்கைப் போடுவார், நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அணைத்துவிடுவார். தினமும் கம்பத்தடியில் காவல் நிற்பவரைப் பார்த்து, "இன்னாபா, மவராணி வர்ற நேரமா?" என்று தெருவே கேலி செய்தது. எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட அவர் எனக்காக எங்கும் காத்து நின்றதில்லை.

பத்து நாள் போயிருக்கும். தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி, வில்லியனூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவள், ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கி இருட்டில் வாய்க்காலில் விழுந்துவிட்டாள். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"அக்கா, மனுவுல நானுந்தான கையெழுத்துப் போட்டேன்? நீங்க வூட்டுக்குள்ள போயிட்டா எங்களுக்கெல்லாம் விடிஞ்சிடுதா?"

வெட்கமாக இருந்தது. அவள் ஒன்பது மணிக்கு வருகிறாள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டுப் போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். விடியும்வரை எரிந்தது. தை மாதம் மற்றதெல்லாம் அறுவடையாக, அந்த அரை வட்டத்தை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். இரண்டு நாள் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

அவளுக்குக் கால் சரியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அவள் வருவதை வாசலிலிருந்து பார்ப்பேன். விளக்கடியில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். இருந்தும், அது எந்த நேரமும் அணைந்துவிடும் என்பதுபோல், அவள் கையில் போன் டார்ச் எரிந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் அணைப்பாள்.