புள்ளிக்குப் பின்னால் எட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கூலிக்கு வெற்றிலை கிள்ளிய அதே சோழவந்தானில் சொந்தமாகக் கொடிக்கால் போட்டேன். மனக்கணக்கில் என்னை யாரும் அசைத்ததில்லை.

போன மழையில் வெற்றிலைக் கொடிகளுக்கு வாடல் நோய் வந்தது. அதற்கு மருந்தாக, ஒரு டிரம் தண்ணீருக்கு அரைக்கால் கிலோ மயில்துத்தம் கலக்க வேண்டும். மருமகன் வாங்கித் தந்த எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன்.

குவியலைப் பார்த்த என் மனைவி, “இம்புட்டா வரும்? மருமகன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள்.

“என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படிச்ச திமிரா? அரைக்கால்னா எட்டுல ஒண்ணு. புள்ளிக்குப் பின்னாடி எட்டு. மிஷினே காட்டுதுல்ல.”

கொடி முழுக்க ஊற்றினேன். சில நாளிலேயே எல்லாம் கருகித் தொங்கின.

“ஒண்ணை எட்டால வகுக்கணும் மாமா. புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சுதான் வரும். ஆறு மடங்குக்கு மேல ஊத்திட்டீங்க” என்றார் மருமகன்.

கொடிக்கால் எங்களுக்குக் கோயில். செருப்போடு யார் நுழைந்தாலும் என் மனைவி விரட்டுவாள். நேற்று, பட்டுப்போன கொடிகளைப் பிடுங்க ஆட்கள் செருப்போடுதான் இறங்கினார்கள். அவள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அவர்களையும் என்னையும்.

திட்டியிருந்தால், இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று நினைத்திருப்பேன்.