நானூறு அல்ல, நூற்று எண்பது

எக்செல் திரையின் அடியில், வலது கை ஓரமாக, ஒரு சின்னக் கோடும் அதன்மேல் நகர்கிற ஒரு சின்னக் கட்டையும் இருக்கும். கட்டையை வலப்பக்கம் தள்ளினால் எழுத்து பெரிதாகும், இடப்பக்கம் தள்ளினால் சிறிதாகும். எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே எண் காட்டும். நல்ல கண் உள்ளவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் தினமும் தொட்டேன். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவளே பிறகு என்னையும் காட்டிக் கொடுத்தாள்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய வீடுகளைப் புதுப்பித்து நடத்துகிற கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வீடுகள், மூன்றும் ஒரே மதாமுக்குச் சொந்தம். பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர். மேடம் என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார், மதாம் என்றால் மலர்வார். மூன்று வீட்டு அறைகளும் ஒரே எக்செல் சார்ட்டில் இருக்கும். இடது ஓரத்தில் வீட்டின் பெயர், அறையின் பெயர், அறையைப் பற்றிய குறிப்பு, மேலே தேதிகள், நடுவில் யார் எந்த நாளில் தங்குகிறார்கள் என்பது. சனிக்கிழமை வந்தால் சென்னையும் பெங்களூரும் மொத்தமாக இங்கே இறங்கிவிடும். அந்தக் கூட்டத்தை ஆளுக்கொரு அறையில் மோதாமல் உட்கார வைப்பதில் எனக்குத் தனி கர்வமே உண்டு.

கனகசெட்டிக்குளம் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி நான்காவது வீடு தயாராகிக்கொண்டிருந்தது. அதை முழுசாக ஒருவர் பொறுப்பில் விடப்போவதாக மதாம் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இத்தனை வருஷம் அந்த இடத்துக்கு உழைத்தவள் ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவது?

ஆனால் என் கண் கெட ஆரம்பித்திருந்தது. இரண்டு விழித்திரையிலும் நடுவில் தழும்பு என்றார் டாக்டர். முழுக் குருடாக்காது, ஆனால் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது. பொடி எழுத்து கலங்கும், நேர்க்கோடு நெளியும். கதவு நிலை நெளிந்தால் நெளிந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடலாம். என் பிழைப்போ கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சார்ட்டில். சாரம் பகுதியில் இருக்கிற என் வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற வழியெல்லாம் இன்றைக்கு எந்த வரி எந்த வரியோடு ஒட்டிக்கொள்ளப் போகிறதோ என்று பயந்துகொண்டே வருவேன். மதாமிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரிசப்ஷனில் இருந்த ஒரு பெண்ணுக்குக் காது மந்தமானபோது, மதாம் மிகவும் அன்பாகப் பேசித்தான் அவளை லாண்டரிக்கு அனுப்பினார். அந்த அன்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு வைத்திக்குப்பத்தில் வீடு. என்னைவிடச் சில வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து வறுத்த காரப்பொடி மீன் என் தட்டுக்கு வரும், என் புளிசாதம் அவள் தட்டுக்குப் போகும். ஒருநாள் பெங்களூர் தம்பதியை நான் ஒரு வரி கீழே இறக்கிப் போட்டுவிட்டேன். அந்த அறையில் ஏற்கெனவே வேறு ஆள் இருந்தார். அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"என்னாக்கா, கண்ணு தெரியலயா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி அழுவியா? தள்ளு, நான் பாக்கறேன்" என்று மவுஸை வாங்கிக்கொண்டாள்.

அன்று அவள் எனக்குச் செய்ததை இன்றைக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன். வியூ என்று ஒரு இடம் மேலே இருப்பதே அதுவரை எனக்கு உறைத்ததில்லை. அதைத் திறந்து கிரிட்லைன்ஸ் என்பதற்கு நேரே இருந்த டிக்கை எடுத்தாள். கட்டக் கோடுகள் அத்தனையும் ஒரே நொடியில் போய்விட்டன. நெளிவதற்குக் கோடே இல்லை! பெயர்கள் மட்டும் வெள்ளைத் தாளில் அமைதியாக நின்றன. மேலே இருந்த பொத்தான் வரிசையைச் சுருட்டினாள், திரையில் இடம் தாராளமானது. பிறகு அந்தக் கட்டையை மெல்லத் தள்ளிக்கொண்டே, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனாள். நூற்று எண்பதில், "நிறுத்து" என்றேன். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கடைசியாக, எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் இடது ஓரத்து அறைப் பெயர்களும் மேலே தேதிகளும் நகராமல் நிற்கும்படி ஃப்ரீஸ் போட்டாள். கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தைவிட இது வேலை செய்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. நாம் எந்த அளவில் வைத்து சேவ் செய்கிறோமோ, அடுத்த ஆள் திறக்கும்போதும் ஃபைல் அதே அளவில்தான் திறக்கும். மதாம் தன் வீட்டிலிருந்து அதே ஃபைலைப் பார்ப்பார். அதனால் சாயங்காலம் கிளம்பும்போது கோடுகளைத் திரும்ப வரவழைத்து, நூற்றுக்கு இறக்கி, சேவ் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வீட்டில் விளக்கை அணைக்கிற மாதிரி அது பழகிவிட்டது. நான் மறந்த நாளில் அவள் செய்வாள். அந்த நூற்று எண்பது உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

புது வீட்டைப் பற்றிப் பேச மதாம் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல நூற்றுக்கு இறக்கி, கோடுகள் இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்து, சேவ் செய்தேன். கணினியை அணைக்கப் போனபோது, "நீ கெளம்புக்கா, எனக்கு ஒரு மெயில் போடணும். நான் மூடிட்டு வரேன்" என்றாள். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த பெரிய டிவியில் அவள்தான் சார்ட்டைத் திறந்தாள். சுவர் முழுக்க ஒரு வீட்டின் பெயரும் ஒரு அறையின் பெயரும். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவுக்கு. மதாம் மவுஸை வாங்கி உருட்டினார். எதுவும் அசையவில்லை. எழுத்து அத்தனை பெரிதானதும் ஃப்ரீஸ் போட்ட பகுதியே திரையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது, நகர்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை. மூலையில் நானூறு என்று இருந்தது. அந்தக் கட்டை அதற்குமேல் போகாது.

"என்னம்மா இது, சினிமா போஸ்டரா?" என்றார் மதாம். "யாரு இப்படி வெச்சது? நம்ம புக்கிங்க குருடங்களா பாக்கறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தள்ளில் சரிசெய்துவிடலாம், அவளைவிட அது யாருக்குத் தெரியும்? அவள் கை மடியிலேயே இருந்தது.

நானும் சிரித்திருக்க வேண்டும். யாரோ கை தவறித் தள்ளிவிட்டார்கள் மதாம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானூறாம்! சுவர் அளவுக்கு எழுதிக் காட்ட வேண்டிய நிலையிலா நான் இருக்கிறேன்? முந்தின நாள் நான் நூறில் விட்டுப் போனதை யார் அங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நானூறெல்லாம் கெடயாது மதாம். நான் நூத்தி எம்பதுலதான் வெப்பேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மதாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நூத்தி எம்பது எதுக்கும்மா?"

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். இனி மறைத்து ஆவதில்லை. தழும்பு, நெளிகிற கோடு, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சமையல்காரர் வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். இதுவரை ஒரு புக்கிங்கும் தப்பிப் போனதில்லை என்றும் சொன்னேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான்.

அடுத்த வாரம் அறைச் சாவிகளும் படுக்கை விரிப்புகளும் என் பொறுப்புக்கு வந்தன. புக்கிங் அவளுக்குப் போனது. நான்காவது வீடும் அவளுக்கே.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அறுபட்டவர்களுக்குத்தான் அது வெறும் பேச்சில்லை என்று தெரியும். நேராக அவளிடம் போனேன்.

"ஏண்டி, இப்படிப் பண்ண உனக்கு எப்படி மனசு வந்தது? நான் நூறுல விட்டுட்டுப் போனத நானூறு ஆக்குனது யாரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஈரம் இருந்தது, அதையும் நான் பார்த்தேன்.

"நான் யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொன்னனா? நீயாதானக்கா சொன்ன."

நியாயம்தானே, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மெத்தை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அழுது ஓய்ந்த பிறகுதான் அந்த நானூறு எனக்குப் புரிந்தது. காட்டிக் கொடுக்க வேண்டும் என்றால் என் நூற்று எண்பதையே வைத்திருக்கலாம். அது திறந்திருந்தால் நான் வெலவெலத்துப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், மதாமும் மவுஸைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு மறந்திருப்பார். இத்தனை நாள் என்னோடு பகிர்ந்து சாப்பிட்டவளுக்கு என் கண் எவ்வளவு பார்க்கும் என்பதும் தெரியும், எவ்வளவு அவமானத்துக்கு நான் வாயைத் திறப்பேன் என்பதும் தெரியும்.