நான் வாங்கிய புதுத் தூண்டில் கோல்

டெக்சாஸில், மகளோடு மீன் பிடிக்க மலிவான தூண்டில் கோல் ஒன்று தேடினேன். குட்டிமீன் போலத் தெரிய இறகு கட்டிய கனமான தூண்டில் முள்ளை அதில் வீச வேண்டும்.

"அங்கிள், இது ரொம்ப மெல்லிசு. காத்தடிச்சா முள்ளு தாழ்வா வந்து ஆள் மேல படும். இதே விலைக்கு ஸ்ட்ராங்கா ஒரு செகண்ட்ஹேண்ட் இருக்கு," என்றாள் கடையிலிருந்த தமிழ்ப் பெண்.

"அடுத்தவங்க வச்சிருந்தது எதுக்கும்மா? புதுசே குடு," என்றேன்.

ஆற்றங்கரையில் காற்று வலுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீச்சிலும் பின்பக்கம் போய் வரும் முள் இன்னும் கீழே பறந்தது.

"அப்பா, டூ க்ளோஸ்!" என்றாள் பின்னால் நின்ற மகள்.

"சும்மா நில்லும்மா," என்றேன்.

அடுத்த வீச்சில் அலறினாள். கண்ணைப் பொத்தியிருந்தாள், விரலிடுக்கில் ரத்தம். கையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவளே எடுத்தாள். முள் புருவத்தில் ஏறியிருந்தது. கண் தப்பியது.

எச்சரித்த இருவரும் என்னைவிடச் சின்னவர்கள் என்பதால்தான் நான் கேட்கவில்லை. பிள்ளைகளே, பயமாக இருந்தால், அப்பாவே நிற்கச் சொன்னாலும் தள்ளிப் போய்விடுங்கள்.